வற்றா ஆற்றல்

உலகில் நிகழும் தொழில்கள் யாவும் ஆற்றலால் நிகழ்வன. உழவன் ஏர் நடத்துவதும், குயவன் சக்கரம் சுழற்றுவதும், தறியில் நூல் ஓடுவதும், அடுப்பில் உலை கொதிப்பதும், இருப்புப் பாதையில் வண்டி விரைவதும் ஆற்றலின் செயல்களே. பண்டைக் காலத்தில் மக்கள் தம் உடல் வலிமையையும், எருது, குதிரை முதலிய விலங்குகளின் வலிமையையும், விறகு தரும் வெப்பத்தையும் துணையாகக் கொண்டு வாழ்ந்தனர். பிற்காலத்தில் நிலக்கரியும் பெட்ரோலிய எண்ணெயும் நிலத்தினின்றும் மிகுதியாக எடுக்கப்பட்டன. நீராவிப் பொறி தோன்றிற்று. அதன் பின்னர் மின்சாரம் பயன்பாட்டிற்கு வந்தது. இன்று ஒரு நாழிகை மின்சாரம் நின்றுவிடினும் வீட்டில் விளக்கு எரிவதில்லை, விசிறி சுழல்வதில்லை, மேல்நிலைத் தொட்டிக்கு நீர் ஏறுவதில்லை. உணவும் உடையும் உறையுளும் போல மின்னாற்றலும் மக்கள் வாழ்க்கைக்கு இன்றியமையாததாய்விட்டது.

சென்னைக்குத் தெற்கே, குரோம்பேட்டை ரயில் நிலையத்திற்குக் கிழக்குத் திசையில் அஸ்தினாபுரம் என்னும் ஊர் உள்ளது. ஏரியும் வயலும் சூழ்ந்திருந்த இப்பகுதி, நாளடைவில் வீடுகள் நெருங்கிய புறநகராக மாறிற்று. 2021ஆம் ஆண்டில் அமைந்த தாம்பரம் மாநகராட்சியுள் அடங்கிற்று. இவ்வூரார் சென்னைக்குச் செல்லப் பயன்படும் மின்சார ரயில், சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே 1931ஆம் ஆண்டிலேயே ஓடத் தொடங்கியதாகும். அந்நாளில் மின்சாரத்தை வேண்டியவை அவ்வண்டியும் சில விளக்குகளுமே எனலாம். இந்நாளிலோ, வீடு தோறும் விசிறியும் குளிர்பதனப் பெட்டியும் நீர் ஏற்றும் மோட்டாரும் இயங்குகின்றன. கோடைக் காலத்தில் அறையைக் குளிர்விக்கும் பொறிகள் இரவு முழுவதும் ஓடுகின்றன. இங்ஙனம் ஓர் ஊர் வேண்டும் மின்சாரம் எங்கிருந்து வருகின்றது? அஃது என்றும் குறையாது வந்துகொண்டிருக்குமா? அதனை ஆக்குவதால் நிலத்திற்கும் நீருக்கும் காற்றுக்கும் விளையும் கேடு யாது? இவ்வினாக்களுக்கு விடை காண்பது ஒவ்வொரு குடிமகனுக்கும் கடமையாகும்.

களஞ்சியமும் ஊற்றும்

ஆற்றல் தரும் பொருள்களை இரு வகையாகப் பிரிக்கலாம். எடுக்க எடுக்கக் குறைவன ஒரு வகை. எடுப்பினும் இயற்கையால் மீண்டும் நிரம்புவன மற்றொரு வகை. முன்னையது களஞ்சியம் போன்றது. பின்னையது ஊற்றுப் போன்றது. களஞ்சியத்தில் எத்துணை நெல் இருப்பினும், விதைப்பின்றி உண்டுகொண்டே இருந்தால் ஒரு நாள் அது வெறுமையாகும். ஊற்றோ, முறையறிந்து இறைப்பவனுக்கு நாளும் நீர் தரும்.

நிலக்கரி, பழுப்பு நிலக்கரி, பெட்ரோலியம், இயற்கை எரிவாயு ஆகியவை களஞ்சிய வகையின. பல கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மரஞ்செடிகளும் நுண்ணுயிர்களும் மண்ணுள் புதைந்து, அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் மாறி இப்பொருள்களாயின. கோடிக்கணக்கான ஆண்டுகளில் விளைந்த இவற்றை மக்கள் சில நூற்றாண்டுகளிலேயே எரித்துத் தீர்க்கின்றனர். தமிழ்நாட்டில் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எடுப்பதற்கு 1956ஆம் ஆண்டில் ஒரு நிறுவனம் அமைக்கப்பட்டது. 1962ஆம் ஆண்டில் அங்கு மின் உற்பத்தி தொடங்கிற்று. நாட்டின் தொழில்கள் வளர்வதற்கு நெய்வேலி போன்ற அனல்மின் நிலையங்கள் செய்த துணை பெரிது. அதனை மறத்தல் நன்றியன்று.

ஆயினும் அவற்றால் வரும் தீமையையும் மறைத்தல் கூடாது. நிலக்கரியை எரிக்குங்கால் புகையும் சாம்பலும் உண்டாகின்றன. சென்னைக்கு வடக்கே எண்ணூர்ப் பகுதியில், கொசத்தலையாற்றின் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து, நீர் ஆழம் குன்றி, மீன்வளம் குறைந்து, அக்கழியை நம்பி வாழும் மீனவர் துன்புற்றனர். தெற்கே ஒரு வீட்டில் விளக்கு எரிய, வடக்கே ஒருவர் வலை வெறுமையாவது முறையாகுமா?

இன்னொரு தீமை கண்ணுக்குப் புலனாகாதது. கரி எரியும்போது கரியமிலவாயு உண்டாகிக் காற்றில் கலக்கின்றது. அவ்வாயு, நிலத்தினின்றும் எழும் வெப்பம் வானிற்குச் சென்றுவிடாதபடி ஒரு போர்வைபோல் தடுக்கும் இயல்பினது. ஹவாய்த் தீவில் உள்ள மௌனா லோவா என்னும் மலையில் 1958ஆம் ஆண்டு முதல் அதன் அளவு கணிக்கப்பட்டு வருகின்றது. அவ்வாண்டில் பத்து இலட்சம் பங்கு காற்றில் ஏறத்தாழ 315 பங்காக இருந்த அவ்வாயு, 2024ஆம் ஆண்டில் 420 பங்கிற்கு மேற்பட்டது. போர்வை தடித்தலின் உலகின் வெப்பம் உயர்கின்றது, பனிமலைகள் உருகுகின்றன, கடல்மட்டம் ஏறுகின்றது. வெப்பம் மிகுந்த காற்று நீராவியை மிகுதியாக ஏந்தும் ஆதலின், பெய்யும் மழையும் ஒரே காலத்தில் பெருகிக் கொட்டும் தன்மையுடையதாகின்றது. 2015ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரையும் மேற்குத் தாம்பரத்தையும் சூழ்ந்ததை அப்பகுதி மக்கள் இன்றும் நினைவுகூர்வர். ஒரு வெள்ளத்திற்கு ஒரே காரணம் கூறுதல் இயலாது. ஏரிகளும் நீர்வழிகளும் அடைபட்டதும் அதற்குக் காரணமே. எனினும், வெப்பம் உயர உயர அத்தகைய பெருமழைகள் மிகுதியாகும் என்று அறிஞர் எச்சரிக்கின்றனர்.

ஆகவே, வற்றாததும் கேடு குறைந்ததுமான ஆற்றலை நாடுதல் உலகினர்க்கு இன்றியமையாததாயிற்று. அவ்வாற்றலைப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் என்பர். ஞாயிறு, காற்று, நீர், உயிர்ப்பொருள், கடல், நிலத்தின் உள்வெப்பம் ஆகியவை அதன் மூலங்கள்.

ஞாயிற்றின் ஆற்றல்

இம்மூலங்களுள் தலைமை வாய்ந்தது ஞாயிறு. நிலம் ஓரிடத்தில் மிகுதியாகவும் ஓரிடத்தில் குறைவாகவும் வெப்பமுறுதலால் காற்று வீசுகின்றது. கடல்நீர் ஆவியாகி முகிலாகி மழையாகப் பெய்தலால் ஆறு ஓடுகின்றது. இலைகள் ஒளியை உண்டு வளர்தலால் விறகும் வைக்கோலும் உண்டாகின்றன. இவையனைத்தும் ஞாயிற்றின் கொடையே. ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர் தொலைவிலிருந்து எட்டு நிமிடத்திற்குச் சற்று மிகுந்த காலத்தில் அதன் ஒளி நம்மை அடைகின்றது. தெளிந்த நண்பகலில் ஒரு சதுர மீட்டர் நிலத்தில் விழும் ஆற்றல் ஏறத்தாழ 1,000 வாட்டு ஆகும்.

ஞாயிற்றின் வெப்பத்தைத் தமிழர் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்துள்ளனர். தூத்துக்குடியிலும் வேதாரணியத்திலும் பாத்திகளில் கடல்நீரைத் தேக்கி உப்பு விளைவிப்பதும், களத்தில் நெல்லைக் காயவைப்பதும், கடற்கரையில் மீனை உலர்த்துவதும், மாடியில் வடகம் இடுவதும் வெயிலின் துணையாலேயே. இவற்றிற்கு விறகுச் செலவு இல்லை, புகையும் இல்லை.

ஒளியை நேரே மின்சாரமாக மாற்றும் கலை பிற்காலத்தது. ஒளி பட்டால் சில பொருள்களில் மின்னோட்டம் எழும் என்பதை 1839ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டு அறிஞர் எட்மண்டு பெக்கரல் கண்டறிந்தார். 1954ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வுக்கூடத்தார் சிலிக்கன் என்னும் பொருளால் பயன்தரத்தக்க மின்கலம் ஒன்றை ஆக்கினர். சிலிக்கன் மணலில் அடங்கியுள்ள பொருளே. தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு ஆறு பங்கையே அக்கலம் மின்சாரமாக மாற்றிற்று. இந்நாளில் வீடுகளில் அமைக்கப்படும் தகடுகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை மாற்றுகின்றன.

இத்தகடுகளை வெயிலின் சூடு இயக்குகின்றது என்று பலர் எண்ணுவர். அவ்வெண்ணம் சரியன்று. அவற்றை இயக்குவது ஒளியே. சூடு மிகுந்தால் அவற்றின் திறன் சிறிது குறையவே செய்யும். ஆதலின் தகடுகளின் அடியில் காற்று உலாவுமாறு இடம் விட்டு அமைத்தல் வேண்டும். சென்னைப் பகுதி நிலநடுக்கோட்டிற்கு வடக்கே 13 பாகையளவில் இருத்தலின், தகடுகளைத் தெற்கு நோக்கி ஏறத்தாழ அவ்வளவே சாய்த்து வைப்பது நலம். தென்னையின் நிழலோ நீர்த்தொட்டியின் நிழலோ ஒரு பகுதியில் விழினும் உற்பத்தி பெரிதும் குறையும். படிந்த தூசியை அவ்வப்போது கழுவுதலும் வேண்டும்.

ஆயிரம் வாட்டுத் திறனுள்ள ஒரு கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் செலவாகும் மின்சாரம் ஓர் அலகு எனப்படும். இதனையே மக்கள் யூனிட் என்பர். ஒரு கிலோவாட்டுத் திறனுள்ள தகடுகளுக்கு ஏறத்தாழ நூறு சதுர அடி நிழலற்ற மாடி வேண்டும். அவை நல்ல வெயில் நாளில் நான்கு அலகு மின்சாரம் தரும். அஸ்தினாபுரத்தில் முந்நூறு சதுர அடி மாடியை இதற்கு ஒதுக்கும் குடும்பம் நாளொன்றுக்குப் பன்னிரண்டு அலகு பெறலாம். நடுத்தரக் குடும்பத்தின் தேவையில் பெரும்பகுதி இதனால் நிறைவுறும். தகடு தரும் மின்சாரம் ஒருதிசை மின்னோட்டமாக இருத்தலின், அதனை வீட்டிற்கு ஏற்ற மாறுதிசை மின்னோட்டமாக்க இன்வெர்ட்டர் என்னும் கருவி வேண்டும். பகலில் எஞ்சிய மின்சாரம் தெருவிலுள்ள மின்கம்பிக்குச் செல்லும். இரவில் வேண்டிய மின்சாரம் அங்கிருந்து வரும். இருவழிக் கணக்கையும் ஒரே மின்னளவி காட்டும். 2024ஆம் ஆண்டில் நடுவண் அரசு தொடங்கிய திட்டத்தின்படி, மூன்று கிலோவாட்டும் அதற்கு மேலும் அமைக்கும் வீட்டாருக்கு 78,000 ரூபாய் வரை உதவித்தொகை வழங்கப்பட்டது.

ஈண்டு ஒன்றை அறிந்துகொள்ளுதல் வேண்டும். புயலால் தெருமின்சாரம் நின்றுவிட்டால், மின்கலத் தொகுதி இல்லாத வீட்டில் மாடித் தகடுகளும் தாமே நின்றுவிடும். கம்பியில் மின்சாரம் இல்லை என்று எண்ணிப் பழுது பார்க்கும் தொழிலாளர்க்கு, வீடுகளிலிருந்து வரும் மின்சாரத்தால் உயிருக்குத் தீங்கு நேராதிருத்தற்பொருட்டே இவ்வேற்பாடு. 2016ஆம் ஆண்டு டிசம்பரில் வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது பல பகுதிகள் நாட்கணக்கில் இருளில் இருந்தன. அத்தகைய காலத்திலும் விளக்கு வேண்டுவோர் மின்கலமும் உடன் அமைத்துக்கொள்ளுதல் வேண்டும்.

பெரிய அளவிலும் இம்முறை கையாளப்படுகின்றது. இராமநாதபுர மாவட்டத்தில் கமுதியில் 648 மெகாவாட்டுத் திறனுள்ள சூரிய மின்நிலையம் 2016ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. ஒரே இடத்தில் அமைந்த சூரிய மின்நிலையங்களுள் அது அந்நாளில் உலகிலேயே பெரிதாக விளங்கிற்று. மழை குன்றி வானம் பார்த்த நிலமாகக் கிடந்த அம்மாவட்டத்தில் வெயிலே ஒரு விளைபொருளாயிற்று.

காற்றின் ஆற்றல்

காற்றை ஏவல் கொண்டு கலம் செலுத்துதல் தமிழர்க்குப் பழக்கமான கலை. கரிகால் வளவனைப் பாடிய வெண்ணிக்குயத்தியார், அவனுடைய முன்னோன் ஒருவன் காற்றின் இயல்பறிந்து கடலில் நாவாய் ஓட்டியதைப் புறநானூற்றில் குறிப்பிட்டுள்ளார். அன்று பாயை உந்திய காற்று இன்று காற்றாலையின் இறக்கைகளைச் சுழற்றுகின்றது.

காற்றாலையின் அமைப்பு எளிதில் விளங்கத்தக்கது. உயர்ந்த தூணின் உச்சியில் மூன்று நீண்ட இறக்கைகள் உள்ளன. காற்று மோதுதலால் அவை சுழல்கின்றன. அச்சுழற்சி ஜெனரேட்டர் என வழங்கும் மின்னாக்கியை இயக்குகின்றது. காற்றின் விரைவு இரு மடங்கானால் அதில் அடங்கிய ஆற்றல் எட்டு மடங்காகும். ஆதலின் சிறிது விரைவு மிகுந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பினும் பயன் பெரிதாகும். வீசும் காற்றின் ஆற்றல் முழுவதையும் எவரும் கவர்ந்துகொள்ள இயலாது. முழுவதும் கவர்ந்தால் காற்று அவ்விடத்திலேயே நின்றுவிடும். பின்வரும் காற்றுக்கு வழி இராது. நூற்றுக்கு 59 பங்கிற்கு மேல் பெறுதல் இயலாது என்று ஜெர்மானிய அறிஞர் பெட்சு கணித்துள்ளார்.

தமிழ்நாட்டிற்கு இயற்கை அளித்த பேறு மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்கள். தென்மேற்குப் பருவக்காற்று மலையால் தடுக்கப்பட்டு, பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகிய இடைவெளிகளில் நெருங்கிப் புகுந்து விரைகின்றது. அகன்ற வாய்க்கால் குறுகுமிடத்தில் நீர் விரைவது போன்றது இது. ஆதலின் உடுமலைப்பேட்டை, பல்லடம் பகுதிகளிலும், தென்காசிப் பகுதியிலும், கன்னியாகுமரி மாவட்டத்து முப்பந்தலிலும், கம்பம் பள்ளத்தாக்கிலும் காற்றாலைகள் நிரை நிரையாக நிற்கின்றன. 1986ஆம் ஆண்டில் தூத்துக்குடிக்கு அருகில் முள்ளக்காட்டில் அரசு முயற்சியால் முதற் காற்றாலைத் தொகுதி அமைந்தது. 2024ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுக் காற்றாலைகளின் மொத்தத் திறன் 10,000 மெகாவாட்டைக் கடந்திருந்தது. நெடுங்காலம் இத்துறையில் இந்தியாவில் தமிழ்நாடே முதலிடம் வகித்தது. பின்னர்க் குஜராத் அதனை முந்திற்று.

இத்துறைக்குரிய தேசிய ஆய்வு நிறுவனம், அஸ்தினாபுரத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், வேளச்சேரி – தாம்பரம் நெடுஞ்சாலையில் பள்ளிக்கரணையில் உள்ளது. தேசியக் காற்றாற்றல் நிறுவனம் என்னும் அந்நிலையம் 1998ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. எவ்விடத்தில் எவ்வுயரத்தில் எத்துணை விரைவாகக் காற்று வீசுகின்றது என்று அளந்து, இந்தியாவின் காற்றுவள வரைபடத்தை அது வகுத்துள்ளது. புதிய காற்றாலைகளைச் சோதிக்கும் களம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாற்றில் இருக்கின்றது.

நீரின் ஆற்றல்

உயரத்திலிருந்து விழும் நீர் சுழலியைச் சுழற்ற, சுழலி மின்னாக்கியைச் சுழற்ற, மின்சாரம் பிறக்கின்றது. காவிரியின் சிவசமுத்திர அருவியில் 1902ஆம் ஆண்டில் ஆக்கப்பட்ட மின்சாரம், தொலைவிலிருந்த கோலார்த் தங்கவயலுக்குக் கம்பி வழியாகச் சென்றது. நீலகிரியில் பைகாரா நீர்மின் நிலையம் 1932ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிற்று. அதன் மின்சாரத்தால் கோயம்புத்தூரில் நூலாலைகள் பெருகின. மேட்டூர், பாபநாசம், குந்தா முதலியவை பின்னர்த் தோன்றின.

நீர்மின் நிலையத்தில் எரிபொருள் செலவில்லை. வேண்டும்போது திறந்து, வேண்டாதபோது மூடலாம். ஆயினும் மழை பொய்த்தால் அணை வறளும். அணை கட்டுமிடத்தில் காடும் சில வேளைகளில் ஊரும் நீரில் மூழ்கும். ஆதலின் இதிலும் அளவறிந்து செய்தலே அறிவுடைமை.

உயிர்ப்பொருளின் ஆற்றல்

சாணம், இலைதழை, உணவுக் கழிவு ஆகியவற்றைக் காற்றுப் புகாத தொட்டியில் நீருடன் கலந்து அடைத்தால், நுண்ணுயிர்கள் அவற்றைச் சிதைத்து மீத்தேன் என்னும் எரிவாயுவை ஆக்கும். அதனை அடுப்பில் எரிக்கலாம். எஞ்சிய குழம்பு வயலுக்கு நல்ல உரமாகும். விறகடுப்பின் புகையால் கண்ணெரிச்சலும் இருமலும் உற்ற மகளிர்க்குச் சாண எரிவாயு அடுப்பு பெருந்துணையாயிற்று. சர்க்கரை ஆலைகளில் கரும்புச் சக்கையை எரித்து மின்சாரம் ஆக்குவதும் இவ்வகையைச் சார்ந்ததே.

நகரத்தார்க்கும் இதில் பாடம் உண்டு. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடுத்த பெருங்குடிக் குப்பைக் கிடங்கு, 2022ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில் தீப்பற்றி நாட்கணக்கில் புகைந்தது. சுற்றிலும் வாழ்ந்தோர் மூச்சுத் திணறினர். மக்கும் குப்பையை வீட்டிலேயே பிரித்துத் தந்தால் அது எரிவாயுவாகவும் உரமாகவும் மாறும். பிரிக்காது கொட்டினால் அதே பொருள் நஞ்சாகும்.

கடலும் நிலமும்

கடலிலும் மூவகை ஆற்றல் உண்டு: அலை, ஓதம், வெப்ப வேறுபாடு. பள்ளிக்கரணையிலேயே 1993ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் இவற்றை ஆராய்கின்றது. கேரளத்தில் விழிஞ்ஞத்தில் 1991ஆம் ஆண்டில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தாரின் முயற்சியால் அலைமின் நிலையம் ஒன்று கட்டப்பட்டது. அலை ஏறி இறங்கும்போது ஓர் அறையிலுள்ள காற்று அமுங்கியும் விரிந்தும் சுழலியை இயக்குமாறு அஃது அமைந்திருந்தது. இலட்சத்தீவுகளில் கவரத்தித் தீவில், கடலின் மேற்பரப்பு வெம்மைக்கும் ஆழத்துத் தண்மைக்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டு உப்புநீரை நன்னீராக்கும் நிலையத்தை அந்நிறுவனத்தார் 2005ஆம் ஆண்டில் நிறுவினர். நாளொன்றுக்கு ஓர் இலட்சம் லிட்டர் நன்னீர் தருமாறு அமைந்த அந்நிலையம், குடிநீருக்கு வருந்திய தீவினர்க்குப் பேருதவியாயிற்று.

ஓதத்தின் ஏற்ற இறக்கத்தால் மின்சாரம் பெறும் நிலையம் பிரெஞ்சு நாட்டில் ரான்சு ஆற்று முகத்துவாரத்தில் 1966ஆம் ஆண்டிலேயே தோன்றிற்று. சென்னைக் கடற்கரையில் ஓத வேறுபாடு ஏறத்தாழ ஒரு மீட்டரே ஆதலின் இங்கு அம்முறை பயன்படாது. குஜராத்தின் வளைகுடாக்களே அதற்கு ஏற்றவை. நிலத்தின் உள்வெப்பம் வெந்நீர் ஊற்றுகளாக வெளிப்படும் இடங்களும் உண்டு. லடாக்கிலுள்ள பூகா பள்ளத்தாக்கு அவற்றுள் ஒன்று. ஓதம் பெரும்பாலும் திங்களின் ஈர்ப்பாலும், ஊற்றின் வெம்மை நிலத்தின் உட்புறத்தாலும் விளைவன. இவையிரண்டும் ஞாயிற்றின் ஒளியையும் வெப்பத்தையும் சாராதவை.

சேமித்தலின் அருமை

வற்றா ஆற்றலுக்கு ஒரு குறை உண்டு. அது நாம் விரும்பும் நேரத்தில் வருவதன்று. தான் விரும்பும் நேரத்தில் வருவது. இரவில் ஞாயிறு இல்லை. தமிழ்நாட்டில் மே முதல் செப்டம்பர் வரை காற்று மிகுதி. பிற திங்கள்களில் அது தளர்ந்துவிடும். மக்கள் மின்சாரத்தை மிகுதியாக வேண்டுவதோ, விளக்கேற்றும் மாலை வேளையில். ஆதலின் உள்ளபோது சேமித்து இல்லாதபோது வழங்கும் வழி வேண்டும்.

கோயம்புத்தூர் மாவட்டத்தில் ஆனைமலைப் பகுதியில் அமைந்த கடம்பாறை மின்நிலையம் இதற்கு நல்ல சான்று. 1980களின் பிற்பகுதியில் இயங்கத் தொடங்கிய அதன் திறன் 400 மெகாவாட்டு. அங்கு மேலே ஓர் அணையும் கீழே மேல் ஆழியாறு அணையும் உள்ளன. மின்சாரம் எஞ்சியிருக்கும் நேரத்தில் கீழணை நீரை மேலணைக்கு ஏற்றுகின்றனர்; மின்சாரம் தட்டுப்படும் நேரத்தில் அந்நீரையே கீழே விட்டு மின்சாரம் பெறுகின்றனர். ஏற்றுவதற்குச் செலவாகும் மின்சாரத்தைவிடத் திரும்பப் பெறுவது சிறிது குறைவே. எனினும், வீணாகப் போவதை வேளையறிந்து பயன்படுத்துதலால் ஊதியமே உண்டாகின்றது. பெரிய மின்கலத் தொகுதிகளும் இப்பணிக்குப் பயன்பட்டு வருகின்றன.

நாடு செய்ததும் நாம் செய்யத்தக்கதும்

இந்திய அரசு 1982ஆம் ஆண்டில் இத்துறைக்கெனத் தனிப் பிரிவு ஒன்றை ஏற்படுத்தியது. 1992ஆம் ஆண்டில் அது தனி அமைச்சகமாயிற்று. 2030ஆம் ஆண்டிற்குள் புதைபடிவ எரிபொருள் சாராத மின்நிலையங்களின் திறனை 5,00,000 மெகாவாட்டாக உயர்த்துவது என 2021ஆம் ஆண்டில் அரசு உறுதி கூறிற்று. 2025ஆம் ஆண்டில் நாட்டின் மின்நிலையத் திறனில் ஒரு பாதி அத்தகைய நிலையங்களைச் சார்ந்ததாயிற்று.

இச்செய்தி மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் திறன் வேறு, உற்பத்தி வேறு என்பதை உணர்தல் வேண்டும். சூரியத் தகடு பகலில் மட்டுமே உழைக்கும். அனல்மின் நிலையம் இரவும் பகலும் உழைக்கும். ஆதலின், 2023-24ஆம் ஆண்டில் நாட்டில் ஆக்கப்பட்ட மின்சாரத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நிலக்கரியினின்றே வந்தது. பாதி வழி கடந்தோம் என்று இளைப்பாறுதற்கு இது காலமன்று.

வற்றா ஆற்றலும் குற்றமே இல்லாதது அன்று. காற்றாலை இறக்கையில் பறவைகள் அடிபடுதல் உண்டு. பெரிய சூரிய நிலையங்கள் மேய்ச்சல் நிலத்தைக் கவர்தல் உண்டு. இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் பழுதடையும் தகடுகளை முறையாகப் பிரித்து மறுபயன் கொள்ளாவிடில் அவையும் குப்பையாகும். இடமறிந்து அமைத்தலும், அங்கு வாழ்வாரைக் கலந்து செய்தலும், பழையவற்றை முறையாக அகற்றுதலும் வேண்டும். வெறுமையாகக் கிடக்கும் வீட்டு மாடிகளும் பள்ளி மாடிகளும் ரயில் நிலையக் கூரைகளும் இருக்க, விளைநிலத்தை நாடுதல் தேவையில்லை.

இவையனைத்திலும் எளிய வழி ஒன்றுண்டு, அது சிக்கனம். 60 வாட்டுப் பழைய குண்டு விளக்குத் தந்த ஒளியை 9 வாட்டு எல்.இ.டி. விளக்குத் தருகின்றது. 75 வாட்டு விசிறியின் வேலையை ஏறத்தாழ 30 வாட்டில் செய்யும் விசிறிகள் வந்துவிட்டன. ஆளில்லாத அறையில் விளக்கை அணைப்பதற்குச் செல்வமும் வேண்டா, கல்வியும் வேண்டா, நல்லெண்ணம் ஒன்றே போதும். சேமித்த ஓர் அலகு, ஆக்கிய ஓர் அலகிற்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.

நிலக்கரி நம் முன்னோர் ஈட்டியது அன்று. நாமும் ஈட்டியது அன்று. அது நிலம் நெடுங்காலமாகக் காத்து வைத்த பொருள். அதில் பின்வரும் தலைமுறையினர்க்கும் பங்கு உண்டு. அவர்க்கு வெற்றுச் சுரங்கத்தையும் சாம்பல் படிந்த கழியையும் வெம்மை மிகுந்த வானையும் விட்டுச் செல்லுதல் அறமாகாது. ஞாயிறு நாளும் எழுகின்றது. காற்று ஆண்டு தோறும் கணவாயில் வீசுகின்றது. மழை பெய்து ஆறு ஓடுகின்றது. இவற்றின் முறையறிந்து பயன்கொள்ளும் அறிவும், வேண்டிய அளவே நுகரும் அடக்கமும் இக்கால இளைஞர்க்கு வாய்க்குமாயின், அஸ்தினாபுரத்து மாடியில் எரியும் விளக்கு எண்ணூர் மீனவர்க்குத் துன்பம் தாராது ஒளிரும்.